மிதித்தால் இருமும் டிரக்: கார்புரேட்டரோடு நான் பட்ட நான்கு மாதம்

பெரிய சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நிறைய இடம் இருக்கிறது, போய்விடலாம் என்று பெடலை மிதித்தேன். வண்டி இரண்டடி நகர்ந்தது, எஞ்சின் மூடிக்குள் 'பஃப்' என்று ஒரு இருமல், அப்புறம் ஒன்றுமே இல்லை. பெடல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எஞ்சின் உயிரோடு இருக்கிறது, ஆனால் வண்டி நடுரோட்டில் அப்படியே நிற்கிறது. ஒரு விநாடிதான் இருக்கும். அப்புறம் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி முன்னால் பாய்ந்தது. லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த என் மகள் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை, என்ன சொல்வது. வீட்டுக்கு வந்து சாவியை மேசையில் வைத்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

என்னுடையது பெட்ரோலில் ஓடும் பழைய பிக்கப் டிரக். எட்டு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரட்டைத் தொண்டை கார்புரேட்டர், பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும், பாயின்ட் (பொறியை உண்டாக்கும் சிறு சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து மெதுவாக மிதித்தால் ஒழுங்காகப் போகும், ஓட்டத்தில் வேகம் கூட்டினாலும் பெரிதாகக் குறை தெரியாது. சட்டென்று மிதித்தால் மட்டும் அந்தத் திணறல். இதைச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதம் ஆனது. பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள், தேவையே இல்லாத ஒரு புதிய கார்புரேட்டர், வலது முன்கையில் கருகிப்போன முடி, எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆரம்பத்திலேயே யாராவது பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு ஞாயிற்றில் முடிந்திருக்கும் வேலை இது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தப்பு அன்று மாலையே நடந்துவிட்டது. ஐடிலிங் (பெடலைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலை) கொஞ்சம் கரடுமுரடாக இருந்ததால், அதற்கான ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினேன். திணறல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அடடா, பிடித்துவிட்டோம் என்று இன்னும் அரைச் சுற்று கூட்டினேன். அப்புறம் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூ இரண்டையும் வெளியே திருகினேன். எவ்வளவு திருகினேன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. எங்கேயும் குறித்து வைக்கவில்லை. ஒரு வாரத்தில் பெட்ரோல் தண்ணீராய்ப் போக ஆரம்பித்தது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி நிறம், திணறல் மட்டும் பழையபடி திரும்பி வந்துவிட்டது. எதையாவது திருகுவதற்கு முன்னால், இப்போது அது எங்கே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே அளவு வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும். முட்டியபின் அழுத்தி இறுக்கக் கூடாது, ஊசி முனையில் பள்ளம் விழுந்துவிடும், அதற்கப்புறம் அந்த ஸ்க்ரூ எதற்கும் உதவாது. இந்த இரண்டு நிமிட வேலையை நான் செய்யாததால், வண்டி முதலில் எந்த நிலையில் இருந்தது என்பதே எனக்குக் கடைசிவரை தெரியாமல் போனது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்தார், கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார், "தேய்ஞ்சு போச்சு சார், மாத்திருங்க" என்றார். எஞ்சினை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. எனக்கோ பயம் பிடித்த நேரம், எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலை. புதிய கார்புரேட்டர் வாங்கிக் கொடுத்தேன். வண்டியை நான் வாங்கிய விலையில் கிட்டத்தட்ட கால் பங்கு அதற்கே போயிற்று. மாட்டி முடித்து, வெளியே எடுத்து, முதல் திருப்பத்தில் மிதித்தேன். பஃப். அதே இருமல், அதே இடம், அதே ஒரு விநாடி. திரும்பிப் போய்ச் சொன்னபோது பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம்) போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டார். இப்போது திணறலோடு புகையும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் முறை போனபோது, "பழைய வண்டி சார், இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு ரோஷம் வந்தது. பழைய வண்டிதான், ஆனால் புதிதாக இருந்தபோது இது இப்படி ஓடியிருக்காதே? இப்படி இருமிக்கொண்டே இருக்கும் வண்டியை அன்றைக்கு யார் வாங்கியிருப்பார்கள்?

இங்கே கொஞ்சம் நின்று, கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெரிய ஜெட் போட்டது எவ்வளவு அர்த்தமில்லாத வேலை என்று புரிந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் வழி ஒன்றல்ல. ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், அப்போது மிக்ஸர் ஸ்க்ரூ கட்டுப்படுத்தும் சிறு துளை வழியாகப் பெட்ரோல் வரும். பெடலை லேசாகத் தொட்டதும், தகடு நகர்ந்து அதற்கு மேலே இருக்கும் ஒரு நீளவாட்டுக் கீற்றைத் திறந்துவிடும். ட்ரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்று அதற்குப் பெயர். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் பெட்ரோல் வரும். காற்றோட்டம் நன்றாக வேகமெடுத்த பிறகுதான் மெயின் ஜெட் வழி வேலைக்கு வரும். இதற்கெல்லாம் நடுவில், சட்டென்று மிதிக்கும்போது மட்டும் சிரிஞ்சால் பீய்ச்சுவது மாதிரி ஒரு பம்ப் பெட்ரோலைத் தொண்டைக்குள் அடிக்கும். அதுதான் ஆக்சிலரேட்டர் பம்ப். அது எதற்கு என்றால், த்ராட்டில் தகட்டைத் திறந்தவுடன் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் கனமானது, கிளம்பிவரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தவிர, த்ராட்டில் திறந்ததும் மேனிஃபோல்டில் (கலவை சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, விழுந்துவிடுவதால், வருகிற பெட்ரோலிலும் ஒரு பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுதாக எரியும் விகிதம். மிதித்த அந்தக் கணத்தில் காற்று அதைவிட எக்கச்சக்கமாகிவிடும், எரிவதற்குச் சரக்கு இருக்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பம்ப். என் வண்டி திணறியது மெயின் ஜெட் இன்னும் கண்ணே திறக்காத நேரத்தில். அதைப் பெரிதாக்கி என்ன பயன்?

இனி நானே பார்ப்பது என்று முடிவு செய்து நான்கு சாமான் வாங்கினேன். ஒரு வேக்குவம் கேஜ், பொறி விழும் நேரத்தைக் காட்டும் ஒரு டைமிங் லைட், பாயின்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்ற ட்வெல் அளவைக் காட்டும் ட்வெல் மீட்டர், கையால் இழுக்கும் சின்ன வேக்குவம் பம்ப். சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ் ஏற்கெனவே இருந்தது. நான்கும் சேர்ந்து புதிய கார்புரேட்டரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இன்னொன்றும் வாங்கினேன், நாற்பது பக்க நோட்டு. உண்மையைச் சொன்னால் வண்டியைச் சரிசெய்தது அந்த நோட்டுதான் என்பேன்.

கார்புரேட்டரில் கைவைக்கும் முன்னால் இக்னிஷனை, அதாவது பொறி வரும் பக்கத்தை, பாருங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வருவதில் பாதி டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வெட்டிப் பேச்சாகத்தான் பட்டது. பார்த்தால், பாயின்டின் உராயும் கட்டை தேய்ந்து, இடைவெளி சுருங்கி, ட்வெல் ஏறியிருந்தது. இடைவெளி சுருங்கினால் டைமிங்கும் பின்தங்கும். மேனுவலில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 8 டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும் என்று போட்டிருக்கிறது, என் வண்டியில் 2 டிகிரிதான் இருந்தது. ட்வெல்லை 30 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் டைமிங்கை 8-க்கு வைத்தேன். இந்த வரிசை முக்கியம். டைமிங்கை வைத்துவிட்டுப் பாயின்டைத் தொட்டால் டைமிங் மறுபடி நகர்ந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டைமிங் பார்க்கும்போது, எஞ்சினின் வேக்குவத்தால் டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் இரண்டாம் தடவைதான் தெரிந்துகொண்டேன். அப்படிக் கழற்றிய ஹோஸின் முனையில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமாக, கைப்பம்பை வைத்து இழுத்தேன். முள் ஏறவே இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்துபோயிருந்தது. அதை மாற்றியதும் ஓட்டத்தில் வண்டி இலகுவானது, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமானது. ஆனால் திணறல்? இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று ராத்திரி வண்டியை விற்றுவிடலாம் என்று நிஜமாகவே யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டினேன். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போது பொதுவாக பாதரச அளவில் 17-இலிருந்து 21 அங்குலம் வரை முள் ஆடாமல் காட்டும். கடல் மட்டத்திலிருந்து மேலே போகப்போக ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் காட்டியது 16. முள் ஆடவில்லை, ஆனால் தாழ்வாகவே நின்றது. முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் முதல் சந்தேகம் இரண்டு பேர்மேல்: டைமிங் பின்தங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்க வேண்டும். டைமிங்கைத்தான் சரிசெய்தாயிற்று. ஆக, எங்கோ ஓட்டை.

ஓட்டையைத் தேடும் வேலையில்தான் கை முடி போனது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சந்தேகப்படும் இடத்தில் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார், ஐடிலிங் மாறினால் அங்கேதான் ஓட்டை என்று கேள்விப்பட்டிருந்தேன். அடித்தேன். ஏதோ ஒரு பிளக் ஒயரில் பொறி கசிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். 'வூஃப்' என்று நீல நிறத்தில் ஒரு சுவாலை எழும்பி, என் முன்கையைத் தடவிவிட்டு, அணைந்தது. அணைந்தது என் அதிர்ஷ்டம். பக்கத்தில் தீயணைப்பானும் இல்லை, ஈரச் சாக்குகூட இல்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் நான் அப்புறம் செய்தது மிகச் சாதாரணம்: செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர். ஒயர்களிலும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் படாமல் இணைப்புகளின் மேல் மட்டும் லேசாகத் தெளிக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். ஒரு முழ நீள ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாலும் 'உஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். எனக்கு இரண்டு இடத்தில் கேட்டது. ஒன்று, மேனிஃபோல்டிலிருந்து போகும் ஒரு ஹோஸ், வளைவின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிது மாதிரி இருக்கும், விரலை அடியில் விட்டால் நகம் உள்ளே போகிறது. இன்னொன்று, என் புதிய கார்புரேட்டரின் அடித்தளத்திலேயே. கழற்றிப் பார்த்தால், இணைப்பில் காற்று கசியாமல் தடுக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து, ஒரு மூலை நட்டை மட்டும் முரட்டுத்தனமாக இறுக்கியிருந்தார்கள். எதிர்மூலை தூக்கிக்கொண்டு நின்றது.

அன்று கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். காசு கொடுத்துவிட்டு, மூன்று முறை போய் நின்று, ஒரு முறைகூட குனிந்து பார்க்கவில்லையே! பழைய கேஸ்கெட்டை முழுதாகச் சுரண்டி, துகள் உள்ளே விழாமலிருக்க மேனிஃபோல்டின் வாயில் துணியைச் செருகி, ஒரே ஒரு கேஸ்கெட் போட்டு, நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஹோஸையும் மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கத்தியது. ஐடிலிங் தாறுமாறாக ஏறிவிட்டது. ஒரு கணம் எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளாக எஞ்சின் பலவீனமாக இருந்ததால், அது அணையாமல் இருக்கட்டும் என்று நான் ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றி வைத்திருந்தேன். ஓட்டை அடைபட்டதும் அந்த உபரி எல்லாம் வெளியே தெரிகிறது. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. கேஜ் 19 காட்டியது, முள் அசையவில்லை.

இந்த இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றுவது என்றால் த்ராட்டில் தகட்டைத் திறந்து வைப்பது. அதிகம் திறந்தால், நான் மேலே சொன்ன அந்தக் கீற்று, மிதிக்கும் முன்னாலேயே திறந்துவிடும். அதற்குள் இருக்கும் பெட்ரோல் ஐடிலிங்கிலேயே செலவாகிக்கொண்டிருக்கும். மிதிக்கும்போது புதிதாகத் தருவதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது. மெயின் ஜெட் வர நேரமாகும். நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்துகொண்டிருந்தது. முதல் நாள் மாலை நான் மருந்து என்று கொடுத்ததே நோயை வளர்த்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போது மிக்ஸர் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக மெதுவாக உள்ளே திருகுங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், முழுதாக மூடினால் அணையப் பார்க்க வேண்டும். மூடியும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தால், எஞ்சின் வேறு வழியில் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் அந்தக் கீற்று வழியாக. முதல் மாதமே இதை நான் பார்த்திருந்தேன். திருகினால் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்க்ரூ கெட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று கார்புரேட்டரைத் திரும்பக் கழற்றி, பெட்ரோலை வடித்துவிட்டுக் கவிழ்த்து, தகட்டுக்குக் கீழே கீற்று எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு சதுரப் புள்ளி அளவு, சுமார் அரை மில்லிமீட்டர், தெரிந்தால் போதும். நீளக் கோடாகத் தெரிந்தால் தகடு அதிகம் திறந்திருக்கிறது. சதுரமாகத் தெரியும்படி ஐடிலிங் ஸ்க்ரூவை வைத்து, மிக்ஸர் ஸ்க்ரூ இரண்டையும் முட்டவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, மாட்டினேன். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் தகடு) முழுக்கத் திறந்தபிறகு, கேஜைப் பார்த்தபடி இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகினேன். முள் எங்கே அதிகபட்சம் ஏறி நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இதனால் ஐடிலிங் ஏறும், அதைக் குறைக்க வேண்டும், குறைத்ததும் மறுபடி மிக்ஸர். இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும். எட்டாவது ஞாயிறு அது. ஓட்டிப் பார்த்தேன். திணறலில் முக்கால்வாசி போயிருந்தது.

மிச்சம் கால்வாசி பம்பில் இருந்தது. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் இதைப் பார்க்க ஒரு சாமானும் தேவையில்லை. எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச்சோடு தொண்டைக்குள் எட்டிப் பார்த்தபடி கையால் த்ராட்டிலைத் திறங்கள். எஞ்சின் ஓடும்போது முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், இருமும் எஞ்சின் நெருப்பையும் துப்பும். த்ராட்டில் அசைந்த அதே நொடியில் இரண்டு தொண்டையிலும் கம்பி மாதிரி, ஒரே சீராக, பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எனக்கு ஒரு பக்கம் கம்பியாக வந்தது, மறுபக்கம் மூக்கொழுகுவது மாதிரி வழிந்தது. அதுவும் த்ராட்டில் கால்வாசி திறந்த பிறகுதான் வர ஆரம்பித்தது. அதாவது லீவரில் தொய்வு இருக்கிறது. ஐடிலிங் நிலையில் அந்த லீவர் பம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம்கூடச் சும்மா ஆடக் கூடாது. அதே நேரம், முழுதாக மிதித்த நிலையில் டயாஃப்ரம் கடைசிவரை நசுங்கவும் கூடாது. ஹோலி (Holley) நிறுவன வகை கார்புரேட்டர்களில் அப்போது 0.015 அங்குலம் மிச்ச இடைவெளி விடச் சொல்வார்கள், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு அவரவர் மேனுவல்.

பீய்ச்சும் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு துளைக்குள் கேஸ்கெட்டின் நார் ஒன்று, மயிரிழை அளவு, குறுக்கே படுத்திருந்தது. ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். எதிர்ப்பக்கமிருந்து காற்றடித்தால் வந்துவிடும். வந்தது. ஆனால் அதைச் செய்வதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. அந்த முனைக்குக் கீழே, மிளகைவிடச் சின்னதாக ஒரு குண்டு இருக்கிறது, பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு அதுதான். எனக்கு அது இருப்பதே தெரியாது. கார்புரேட்டரைச் சாய்த்தேன், 'டிக்' என்று ஒரு சத்தம், போயே போய்விட்டது. இரண்டு மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். மேனிஃபோல்டுக்குள் விழுந்திருந்தால் எஞ்சினையே திறக்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில் வியர்த்துக் கொட்டியது. கடைசியில், குளிக்கப் போகும்போது பேன்டின் மடிப்பிலிருந்து உருண்டு விழுந்தது. அன்றிலிருந்து வெள்ளைத் துணி விரிக்காமல் எதையும் கழற்றுவதில்லை.

பம்ப் லீவரில் கம்பியை மாட்ட மூன்று துளைகள் இருந்தன. குறைவாக அடிக்கும் துளையில் மாட்டியிருந்தது. ஆர்வக் கோளாறில் நேராக அதிகம் அடிக்கும் துளைக்கு மாற்றினேன். மறுபடி திணறல்! ஆனால் இது வேறு மாதிரி. முன்பு இருமல், இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவனை எழுப்பினது போல ஒரு மந்தம். பின்னால் கறுப்பாகப் புகை, பெட்ரோல் வாடை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பெட்ரோல் போதவில்லை என்றால் சட்டென்று விழும், கார்புரேட்டர் வழியாக இருமும், சோக்கைக் கொஞ்சம் மூடினால் தேவலையாகும். பெட்ரோல் அதிகமானால் கனமாக இழுக்கும், சோக்கை மூடினால் இன்னும் மோசமாகும். நடுத் துளைக்கு மாற்றினேன். ஏர் கிளீனரை மாட்டி (அதைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை), அதே சாலை, அதே ஏற்றம், அதே கியர். மிதித்தேன். போயிற்று. அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத மாதிரி வண்டி போயிற்று. திரும்பி வந்து ஆறு தடவை நிறுத்தி நிறுத்தி மிதித்துப் பார்த்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஃப்ளோட் மட்டத்தையும் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்) ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், அது தாழ்ந்திருந்தாலும் இதே மாதிரி திணறல் வரும். என்னுடையது சரியாகத்தான் இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்றால், ரிப்பேர் கிட் வாங்கும்போது ரப்பர் சாமான்கள் அதைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை எழுதுங்கள். நான் கடைசி நான்கு வாரம்தான் அப்படிச் செய்தேன், வேலை நடந்ததும் அந்த நான்கு வாரத்தில்தான்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாலை, அலமாரியில் கிடந்த பழைய கார்புரேட்டரைத் திறந்து பார்த்தேன். பம்ப் டயாஃப்ரம் ஓரத்தில் பிறை வடிவில் கிழிந்திருந்தது. த்ராட்டில் தண்டில் ஆட்டம் இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. வண்டி முதலில் திணறியது இந்தக் கிழிசலாலும், வெடித்த ஹோஸாலும், பின்தங்கிய டைமிங்காலும். புதியதை மாட்டிய பிறகு கிழிசலின் இடத்தில் கேஸ்கெட்டும் அந்த நாரும் வந்து சேர்ந்துகொண்டன. அறிகுறி ஒன்றேயானாலும் உள்ளே ஆள் மாறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. புதிய கார்புரேட்டருக்குக் கொடுத்த பணத்தில் ரிப்பேர் கிட் ஒரு டஜன் வாங்கியிருக்கலாம். ஒன்று வாங்கினேன், பழையதைக் கழுவிக் கோர்த்து மாட்டிவிட்டேன். இப்போது ஓடுவது அதில்தான். புதியது பெட்டிக்குள் இருக்கிறது. மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளைகளில் முதல் இரண்டு நிமிடம் இன்னும் லேசாக இருமுகிறது. சோக்கைத் திறந்துவிடும் வேக்குவம் டயாஃப்ரம் மேல் சந்தேகம். வரும் ஞாயிறு கைப்பம்பை அதில் வைத்துப் பார்க்க வேண்டும்.